நடுங்கும் கையும் மன உறுதியும்

தமிழ்ச் சிறுகதையில் ஒருவரின் கை நடுங்கினால் அதற்கான பொருள் பெரும்பாலும் முன்பே தயாராக இருக்கிறது: அச்சம், குற்றவுணர்வு, பொய், குடி. மனம் ஆணையிடும், உடல் பணியும், பணியாவிட்டால் கோளாறு மனத்தில்தான் என்னும் பழைய நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. மூளையின் நடுவே உள்ள தலாமஸைப் பற்றிச் சிறிது அறிந்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் காணும் என்பது நம் எண்ணம்.

தலாமஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை என்று பொருள். மூளையின் இரு பாதிகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக, சிறு முட்டை வடிவில் அது அமைந்திருக்கிறது. பார்வை, கேள்வி, தொடுகை பற்றிய செய்திகள் அதைக் கடந்தே பெருமூளைப் புறணியை அடைகின்றன. ஆகவே அதைக் கடத்து மையம் என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அசைவில் அதன் பங்கு இன்னும் நுட்பமானது. அடித்தள நரம்பு முடிச்சுகள் தலாமஸின் ஒரு பகுதியை ஓயாமல் அடக்கிப் பிடித்திருக்கின்றன. நாம் கையைத் தூக்க முனைகையில் அந்த அசைவுக்கு உரிய அளவில் பிடி தளர்கிறது. அருகிலுள்ள மற்றொரு பகுதிக்குச் சிறுமூளையிலிருந்து திருத்தங்கள் வந்து சேர்கின்றன. ஆக, அசைவு என்பது ஏவல் மட்டுமன்று, விடுவிப்பும்தான்.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயில் டோபமைன் குறைகிறது, பிடி இறுகுகிறது. எழ வேண்டும் என்ற விருப்பம் இருந்தும் கால் எழுவதில்லை. அவரிடம் போய் ‘மனம் வைத்தால் முடியும்’ என்கிறோம். எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அது பழிதான். இவ்விளக்கம் முழுமையானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக, நடுக்கத்தை அது சரிவர விளக்குவதில்லை. அதில் சிறுமூளையோடு இணைந்த நரம்புச் சுற்றும் சேர்ந்துகொள்கிறது.

1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் தலாமஸின் ஒரு புள்ளியில் விரைவான மின்துடிப்புகளைச் செலுத்தியபோது நடுக்கம் அடங்கியது. 2008இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பான்ஜோ கலைஞர் எடி ஆட்காக் இத்தகைய அறுவையின்போது விழித்திருந்து பான்ஜோ வாசித்தார். அவர் வாசிப்பைக் கவனித்தபடியே மருத்துவர்கள் சிகிச்சையைச் சரிசெய்தனர். அவருக்கு இருந்தது, கையால் எதையேனும் செய்ய முனைகையில் தலைகாட்டும் நடுக்கம். பல்லாண்டுப் பயிற்சியும் வாசிக்கும் வேட்கையும் முன்பும் அவரிடம் இருந்தன. அவற்றால் ஆகாததை மின்துடிப்பு செய்தது.

அச்சத்தாலும் கை நடுங்கும், மறுக்கவில்லை. அதை எழுதக் கூடாது என்றும் சொல்ல வரவில்லை. நடுக்கத்தை மனத்தின் வாக்குமூலமாகவே வாசிக்கும் பழக்கம் புத்தகத்துக்குள் நின்றுவிடுவதில்லை என்பதே நம் கவலை. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பப்படுபவரை, பந்தியில் ரசம் சிந்துமே என்று திருமணங்களுக்கே போகாதவரை, பாதி டம்ளர் காபி போதும் என்பவரை நாம் அறிவோம். பிறர் உற்றுப் பார்த்தால் நடுக்கம் கூடும். கூடினால் பார்ப்பவரின் ஐயம் உறுதிப்படும். குடிகாரர் என்றோ கோழை என்றோ எண்ணிவிட நம் கதைகளும் ஓரளவு பழக்கியிருக்கின்றன. இவர்கள் கதைமாந்தராக வரும்போது, நடுக்கம் எதன் குறியீடு என்று தேடுவதை விடுத்து, அந்தக் கையோடு ஒரு நாளை எப்படிக் கடத்துகிறார்கள் என்று எழுதலாம். எழுதுவதற்கு அங்கே நிறைய இருக்கிறது.