எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு... அடுத்து என்ன? பாதிக்கப்பட்டவர் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள்

2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் சாலையில் வைக்கப்பட்டிருந்த பேனர் சரிந்து விழுந்ததில், ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் நிலைதடுமாறி விழுந்தார். பின்னால் வந்த லாரி ஏறியதில் உயிரிழந்தார். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் அவரது குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

2024 டிசம்பர் 23. கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தவருக்கு இரண்டாவது அடியும் விழுந்தது. அவரது அடையாளத்தைக் காட்டும் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் இணையத்தில் கசிந்தது. டிசம்பர் 28 அன்று உயர் நீதிமன்றம், 3 பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு அரசு ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு தர வேண்டும், பல்கலைக்கழகம் அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது.

இரண்டுமே தலைப்புச் செய்தியான வழக்குகள். செய்தியில் வராத ஒரு வழக்கில், குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதெல்லாம் கிடைக்குமா? சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால், பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும்.

*பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சியா?*

குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது. வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். அடி வாங்கியவர் சம்மன் வந்தால் கூண்டேறி சாட்சி சொல்வார், அவ்வளவுதான். நீண்ட காலம் இதுதான் நிலைமை.

1985-ல் ஐ.நா. பொதுச் சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி குறித்து ஒரு பிரகடனம் வெளியிட்டது. இந்தியாவில் பெரிய மாற்றம் வந்தது 2009 டிசம்பர் 31-ல். அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், 'பாதிக்கப்பட்டவர்' யார் என்று முதன்முறையாக வரையறுத்தது. அரசு நிதியிலிருந்து இழப்பீடு, மேல்முறையீட்டு உரிமை இரண்டையும் கொடுத்தது. 2024 ஜூலை 1-ல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டம் இவற்றைத் தொடர்வதோடு, சில புதிய உரிமைகளையும் சேர்த்திருக்கிறது.

லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும், ஜாமீன் மனு விசாரணை உட்பட, பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம் என்றது.

*எந்த ஸ்டேஷன், எந்த மாவட்டம்?*

தென் சென்னைப் புறநகரில் முதல் குழப்பமே இதுதான். தாம்பரத்தின் பின்கோடு 600045, அதாவது சென்னை. ஆனால் மாவட்டம் செங்கல்பட்டு. போலீஸ், 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகம். பள்ளிக்கரணைக்கு வந்தால் மாநகராட்சி சென்னை, போலீஸ் தாம்பரம். மின்சார ரயிலில் நடந்தால் ரயில்வே போலீஸ்.

"இது எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்யும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' முறை இப்போது பி.என்.எஸ்.எஸ் 173-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

எந்த நீதிமன்றத்தில் வழக்கு வரும் என்பதையும் ஸ்டேஷனிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இழப்பீட்டுக்கு எந்த மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவது என்ற கேள்விக்கு அது உதவும்.

*கேஸ் எந்த நிலையில் இருக்கிறது?*

விசாரணை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 193). மெசேஜ், இமெயில் மூலமாகவும் தெரிவிக்கலாம். தெரிவிக்காவிட்டால் என்ன நடவடிக்கை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதனால் 90 நாள் முடிந்ததும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வைப்பது, பின்னால் நீதிமன்றத்தில் கைகொடுக்கும்.

பாதிக்கப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தால், குற்றப்பத்திரிகை உள்ளிட்ட ஆவணங்களின் நகலும் கிடைக்கும் (பிரிவு 230). வழக்கை வாபஸ் வாங்க அரசு முடிவெடுத்தால், பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்க முடியாது (பிரிவு 360).

*சொந்த வக்கீல் வைக்கலாமா?*

வைக்கலாம். ஆனால் அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத்தான் செயல்பட முடியும். நீதிமன்ற அனுமதியுடன் எழுத்துபூர்வ வாதம் தாக்கல் செய்யலாம்.

ஃபீஸ் கட்ட வசதி இல்லையா? 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் ஓ.எம்.ஆர் ஐ.டி ஊழியரும் பெண் என்றால் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. சட்ட உதவி எண்: 15100.

*இழப்பீடு யார் தருவது?*

அண்ணா பல்கலைக்கழக வழக்கையே பாருங்கள். 2025 ஜூன் 2-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதித்தது. அபராதம் ரூ.90,000. அரசு தர வேண்டியிருந்த இடைக்கால இழப்பீடோ ரூ.25 லட்சம். குற்றவாளி கட்டும் அபராதத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

அதனால்தான் அரசு நிதியிலிருந்து தரும் இழப்பீட்டுத் திட்டம் முக்கியம் (பிரிவு 396). குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விசாரித்து முடிவெடுக்க 2 மாதம் அவகாசம். அவசரச் சிகிச்சைக்கு இடைக்கால நிவாரணமும் உண்டு.

பெண்களுக்கென தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018-ல் வகுத்த திட்டத்தில், உயிரிழப்புக்கு ரூ.5 முதல் 10 லட்சம் வரை, பாலியல் வன்கொடுமைக்கு ரூ.4 முதல் 7 லட்சம் வரை என வரம்பு வைத்திருக்கிறார்கள். போக்சோ வழக்குகளில் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம்.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு வழக்குகளில் தனியார் மருத்துவமனையும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் (பிரிவு 397). "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொல்வது குற்றம்.

*பெயர் வெளியே வந்தால்?*

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை (பி.என்.எஸ் 72). பத்திரிகை, டி.வி மட்டுமல்ல, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எஃப்.ஐ.ஆர் பி.டி.எஃப்-ஐ ஃபார்வர்டு செய்பவருக்கும் இது பொருந்தும். 2016-ல் எஃப்.ஐ.ஆர்களை இணையத்தில் பதிவேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்திருந்தது.

*தீர்ப்பு ஏமாற்றம் தந்தால்?*

குற்றவாளி விடுதலையானால், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டால், இழப்பீடு போதவில்லை என்றால், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 413). இதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 'தண்டனைக் காலம் போதாது' என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவில் போக முடியாது. அதற்கு அரசுதான் போக வேண்டும்.

*என்ன மாற வேண்டும்?*

பள்ளிக்கரணையிலும் கிண்டியிலும் நீதிமன்றம் தேடி வந்தது. மற்றவர்கள் நீதிமன்றத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. உறவை இழந்த அதிர்ச்சியில் இருக்கும் குடும்பம் பிரிவு 396-ஐத் தேடிப் படிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எஃப்.ஐ.ஆர் நகலோடு இழப்பீட்டு விண்ணப்பத்தையும் 15100 என்ற எண்ணையும் ஸ்டேஷனிலேயே கையில் கொடுத்தால், பாதி அலைச்சல் குறையும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

*அவசர எண்கள்:* போலீஸ் 112, பெண்கள் உதவி 181, குழந்தைகள் உதவி 1098, சட்ட உதவி 15100.