நிழலும் ஓர் அமானிதம்தான்



நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களில் காடுகள் குடியிருக்கின்றன. வேல மரக் காட்டின் பெயரால் திருவேற்காடு, கடலோரத்தில் பழவேற்காடு, ஆலமரக் காட்டின் பெயரால் நம் திருவாலங்காடு. வடமொழியில் வழங்கும் 'வடாரண்யம்' என்ற பெயரும் ஆலங்காடு என்பதையே சொல்கிறது. காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் காடாகவே காட்டிய இந்த ஊரில், இன்று சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதை ஓடுகிறது, கூட்டுறவு சர்க்கரை ஆலை நிற்கிறது, சுற்றிலும் வயல்கள். காடு பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் நம் வீட்டு இளைஞர்களில் பலர், ஒரு முழுப் பகலை மரங்களுக்கிடையே கழித்ததே இல்லை.

இந்த எண்ணத்தோடுதான் சென்ற தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மூன்று குடும்பங்கள் பூண்டிக்கு அப்பால் உள்ள குடியம் காட்டுக்குச் சென்று வந்தோம். புறப்படும் முன்பே கேள்விகள் எழுந்தன. பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர், "காட்டுக்கா? அங்கே என்ன இருக்கு? பொம்பளைங்களையும் கூட்டிட்டா போறீங்க?" என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, கவலையில்தான் கேட்டார். அவருக்கான பதிலாகவும், அங்கே நாங்கள் கண்டு வெட்கப்பட்ட ஒன்றைப் பற்றியும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், அங்கே என்ன இருக்கிறது? 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நாம் அறிவோம். சென்னை மாநகரம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து செல்கிறது. அதற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில், 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு அறிவித்தது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே குடியம். கூழாங்கற்கள் பதிந்து இறுகிய பாறையில், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத் தக்க பெரிய குடைவுகள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருப்பது வானுயர்ந்த மழைக்காடு அன்று. முள்ளும் புதரும் குட்டை மரங்களுமாக, குறைந்த நீரில் தாக்குப்பிடித்து நிற்கும் நம் மண்ணுக்கே உரிய காடு. படங்களில் காணும் பசுமையைத் தேடிச் செல்பவர்களுக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கூட வந்த நன்னிக்கு அவ்வாறு இல்லை. அறுபதைக் கடந்த அவர், சிறுவயதில் விறகு பொறுக்கிய கைகளை உடையவர். "இது களா. இது காரை. இது ஈச்சஞ்செடி" என்று அவர் சொல்லிக்கொண்டே நடந்தார். பேத்தியின் துப்பட்டாவைச் சூரை முள் பற்றிக்கொண்டபோது அவள் பதறி முன்னால் இழுத்தாள். "இழுக்காதே கண்ணு, ஒரு அடி பின்னால வா" என்றார் நன்னி. பின்னால் வந்ததும் முள் தானாக விட்டுவிட்டது. கொக்கி போல் வளைந்த முள்ளின் பிடி அவ்வாறுதான் தளரும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் அவருக்கு வந்த அறிவு அன்று. எங்கள் குடும்பத்தில் அந்த அறிவு அவரோடு நின்றுவிட இருந்தது என்பதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தோம்.

குகைக்குச் சற்று முன்னால் எங்களுடன் வந்த வழிகாட்டி இளைஞர் எல்லோரையும் நிறுத்தினார். பாறையின் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. சத்தம் கூடாது, நெருப்பு கூடாது, கடுமையான வாசனை கூடாது என்றார். எங்களில் ஒருவர் காலையில் தாராளமாக அத்தர் பூசி வந்திருந்தார். அவரைத் தூரத்திலேயே நிற்க வைத்தோம். சிரித்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் மௌனமாக அண்ணாந்து பார்த்தோம். திருக்குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருப்பதையும், மலைகளும் மரங்களும் அதன் இருப்பிடங்களாக அங்கே பேசப்படுவதையும் சிறு வயதிலிருந்தே ஓதி வந்திருக்கிறோம். ஓதிய ஒன்றை நேரில் கண்டதும் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய வியப்பை எங்களால் எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

இதுவரை சொன்னது மகிழ்ச்சியான பகுதி. இனி வெட்கப்பட்ட பகுதிக்கு வருகிறோம்.

திரும்பும் வழியில், காட்டின் விளிம்பைத் தாண்டி ஊர் தொடங்கும் இடத்தில் ஓர் ஆலமரம் இருந்தது. லுஹர் நேரமாகிவிட்டதால் அதன் நிழலில் தொழலாம் என்று ஒதுங்கினோம். நிழல் முழுவதும் குப்பை. பிளாஸ்டிக் பூசிய தட்டுகள், தண்ணீர்ப் பாக்கெட் உறைகள், எலும்புத் துண்டுகள், குளிர்பானப் புட்டிகள். முகம் சுளித்தபடி, விரிப்புகள் கொள்ளும் அளவுக்கு மட்டும் இடத்தைச் சுத்தம் செய்தோம். அப்போது ஒரு பையன் சாயம் வெளிறிய பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அதில் பிறையும் நட்சத்திரமும், 'பெருநாள் வாழ்த்துகள்' என்ற எழுத்தும் அச்சிடப்பட்டிருந்தன. அத்தனையும் ஒரே கூட்டம் போட்ட குப்பை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் நம்முடையதும் இருந்தது. பெருநாள் மகிழ்ச்சியில் நம்மைப் போன்ற சில குடும்பங்கள் அங்கே வந்து, உண்டு, மகிழ்ந்து, அப்படியே விட்டுப் போயிருக்கின்றன.

தொழுது முடித்ததும் நாங்கள் விரிப்புகளை மடித்தோம். நன்னி எழுந்திருக்கவில்லை. "தொழுற இடம் மட்டுந்தான் சுத்தமா இருக்கணுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு மரத்தடி முழுவதையும் பொறுக்கினோம். மூன்று கோணிப்பைகள் நிறைந்தன.

அந்தக் கேள்வியை உங்கள் முன்பும் வைக்க விரும்புகிறோம். நாம் தூய்மையைப் பற்றி அதிகம் பேசும் சமுதாயம். உளூவின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ஆடையில் ஒரு துளி அசுத்தம் பட்டாலும் பதறுகிறோம். ஆனால் நம் தூய்மை தொழுகை விரிப்பின் ஓரத்தோடு நின்றுவிடுகிறதா? மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அபூதாவூதில் நீர்த்துறைகளும் அந்த எச்சரிக்கையில் சேர்கின்றன. பாதையில் கிடக்கும் தீங்கு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும் நாம் அறிந்ததே. சட்ட நுணுக்கங்களை ஆலிம்கள் விளக்கட்டும். நிழலும் பாதையும் நீரும் பிறருக்குரிய அமானிதங்கள் என்ற அடிப்படையைப் புரிந்துகொள்ள நம் எளிய அறிவே போதும். மண்ணில் மட்கும் அசுத்தத்துக்கே அவ்வளவு கடுமையான எச்சரிக்கை என்றால், நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை மட்காத பிளாஸ்டிக்கை நிழலில் விட்டு வருவதை எப்படி இலேசாக எடுத்துக்கொள்வது?

இனி அந்தப் பெரியவரின் கேள்விகளுக்கு வருவோம்.

காட்டுக்குப் போவது வீண் வேலையா? வீணாகவும் ஆகலாம். ஒலிபெருக்கியும் பிரியாணி அண்டாவுமாகப் போய் வந்தால், அது நம் தெருவைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதுதான். ஆனால் படைப்பை உற்றுப் பார்த்துச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் திரும்பத் திரும்ப அழைக்கிறது. பார்க்காமலேயே எப்படிச் சிந்திப்பது? பெயர் தெரியாத மரத்துக்காக யாரும் வருந்துவதில்லை. களாச்செடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் அது வெட்டப்படும் நாளில் ஏதோ ஒன்று குறைந்ததாகத் தோன்றும்.

பெண்களை அழைத்துச் செல்லலாமா? பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பது அபூதாவூதில் உள்ள செய்தி. குடும்பத்தோடு, பகல் வெளிச்சத்தில், கண்ணியமாகச் சென்று வருவதில் என்ன தடை? அன்று நன்னி எங்களோடு வந்திராவிட்டால் எங்களில் ஒருவருக்கும் ஒரு செடியின் பெயரும் தெரிந்திருக்காது. அந்தக் கேள்வியும் பிறந்திருக்காது.

மூன்றாவதாக, வாய்விட்டுச் சொல்லப்படாத தயக்கம் ஒன்றும் உண்டு. தொப்பியும் தாடியும் புர்காவுமாக ஒரு கூட்டம் காட்டுப் பக்கம் சென்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்பது அது. இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியது அன்று. 2021இல் கிறிஸ்துமஸ் நாளன்று இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் ஒன்றாக நடந்தார்கள். அதன் படங்கள் இணையத்தில் வெளியானபோது வெறுப்பு உமிழும் கருத்துகள் குவிந்தன. ஆதரவாகப் பேசியவர்களும் திரளாக இருந்தார்கள். அந்தச் சகோதரர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. குடியத்தில் எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரார் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெருநாள் பையை எங்களுக்கு முன் பார்த்தவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் இன்னும் எங்களை விடவில்லை. பிறரின் வெறுப்பைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. நம் குப்பையை எடுத்துவரும் ஆற்றல் இருக்கிறது.

செல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். காப்புக்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் குடியமும் ஒன்று. முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு செல்லலாம். கோடையைத் தவிர்க்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்கலாகாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். ஆகவே அங்கே சமையல் வேண்டாம். வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் உணவும், போதிய நீரும், உளூவுக்கென்று ஒரு புட்டியும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு வெற்றுக் கோணிப்பையும் இருக்கட்டும். முடிந்தால் வீட்டு மூத்தவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் நடை தாமதமாகும், அந்தத் தாமதத்தில்தான் பிள்ளைகள் எதையேனும் பார்ப்பார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் உணவுப் பொட்டலங்களை வாழை இலையிலும் துணிப்பையிலும் கொடுக்க முடியுமா என்று ஆலோசியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மக்தப் பிள்ளைகளை ஏதேனும் ஒரு மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அங்கேயே ஒரு பாடம் நடத்துங்கள். மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து அதன் மரங்களை வெட்டக் கூடாது என்று தடுத்த நபியின் உம்மத் நாம். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்ற சிறப்பும் நமக்கு அருளப்பட்டிருக்கிறது. தொழுமிடம் என்றால் அதைப் பெருக்கி வைக்கும் பொறுப்பும் நம்முடையதுதானே?

திருவாலங்காட்டில் ஆலங்காட்டை மீண்டும் வளர்ப்பது நம் காலத்தில் நடக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். மிஞ்சியிருக்கும் ஓர் ஆலமரத்தின் நிழலையாவது, அடுத்து வருபவர் முகம் சுளிக்காமல் அமரும்படி விட்டு வருவது நம்மால் ஆகும். வல்ல ரஹ்மான் அதற்கான நல்லெண்ணத்தை நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.