ஆப்சென்ட் கணக்கையும் காற்றுக் கணக்கையும் ஒரே தாளில் வையுங்கள்



நம் மணலி புதுநகர் அரசுப் பள்ளிகளில் தினமும் எடுக்கும் வருகைப் பதிவு இப்போது நோட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆசிரியரின் செல்போன் வழியாக எமிஸ் என்கிற கல்வி மேலாண்மைத் தகவல் முறைக்குள் போய்விடுகிறது. பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனாலும் எமிஸ் எண் கூடவே போகும். அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை பெயர் பொதுத் தொகுப்பில் காத்திருக்கும். கச்சிதமான ஏற்பாடுதான். ஆனால் தகவல் மேலே போகிற வேகத்தில் கீழே வருவதில்லை. எந்த மாதம் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பது பள்ளிக் கல்வித் துறைக்குத் தெரியும், பெற்ற நமக்குத் தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட தொழிற்பகுதிப் பட்டியலில் மணலிக்கு 76.32 மதிப்பெண்; 70-ஐத் தாண்டினாலே மிக மோசம் என்பது அதன் அளவுகோல். மணலியில் உள்ள வாரியத்தின் நிலையம் காற்றின் நுண்துகள் அளவை இடைவிடாமல் பதிகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். பிள்ளை வராத நாள் ஒரு துறைக்குத் தெரியும், அன்றைய காற்று இன்னொரு துறைக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆளில்லை. நான் பிழைக்க வந்திருக்கும் யூட்டா மாநிலத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய எஃகு ஆலை 1986-87-இல் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. மைக்கேல் ரான்சம், ஆர்டன் போப் என்ற பொருளாதார அறிஞர்கள், மூடலுக்கு முன்னும் பின்னுமான தொடக்கப் பள்ளி வருகைப் பதிவுகளைத் துகள் அளவோடு ஒப்பிட்டு 1992-இல் வெளியிட்டார்கள். துகள் கூடியபோது ஆப்சென்ட்டும் கூடியிருந்தது. சின்ன வகுப்புகளில் சற்று அதிகமாக. பள்ளியில் ஏற்கெனவே கிடந்த பதிவேடுதான் அவர்களுக்குச் சாட்சி.

மழைக்கும் காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும்கூடப் பிள்ளைகள் வருவதில்லையே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் பொன்னேரிக்கு அப்பால், ஆலைப்புகை எட்டாத ஒரு அரசுப் பள்ளியின் அதே நாள் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். காய்ச்சல் பருவம் இரண்டு ஊருக்கும் பொது. கொசஸ்தலை ஆறு பெருகித் தெருவில் தண்ணீர் நின்ற நாட்களைத் தள்ளிவிடலாம். காற்றை அளக்கும் நிலையம் இருப்பது புதுநகருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே. காற்று திசை மாறினால் அது காட்டுவதும் புதுநகர் சுவாசிப்பதும் ஒன்றாக இருக்காது. அது நிஜமான குறை. புதுநகரிலும் ஒரு கருவி வேண்டும் என்று கேட்க அதுவே காரணமும் ஆகும். எமிஸ் வேலையால் பாடம் நடத்த நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமான குறை. நான் கேட்பதோ புதுப் பதிவு இல்லை, பதிந்ததைத் திருப்பித் தருவதுதான். பிள்ளைகளின் பெயரும் வேண்டாம்; வகுப்புக்கு இத்தனை பேர் என்றால் போதும்.

கேட்க நமக்கு இடமும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது அந்தக் குழுவின் வேலை. கழிவறை, சுற்றுச்சுவர் தீர்மானங்களோடு, நாள்வாரி வருகை எண்ணிக்கையை மாதம்தோறும் குழுவுக்குத் தர வேண்டும் என்று ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். மழை, பனி, வெயில் மூன்றும் ஒரு சுற்று வந்த பிறகு எடுத்துப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுத அப்போது சரக்கு இருக்கும்.

அன்புடன்,
யூட்டாவிலிருந்து ஒரு புதுநகர்க்காரன்