பழைய டிராக்டரும் ஒரு சிறு துவாரமும்

சென்ற மாதம் இப்பகுதியில் கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதியதைக் கண்ட நேயர்கள் இருவர், ஒருவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மற்றவர் வட்டவடையிலிருந்தும், "பழைய டிராக்டரைப் பற்றியும் எழுதலாகாதா?" என்று கேட்டிருந்தனர். ரயில்வே குமாஸ்தாவுக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நகைக்கக்கூடும். சம்பந்தம் மைத்துனர் வழியாக வந்தது.

என் தங்கையை மணந்தவர் சித்தூர்த் தாலுகாவில் நெல் பயிரிடுபவர். அவரிடம் நாற்பது வயதைத் தாண்டிய டிராக்டர் ஒன்று உண்டு. முதற்போக உழவு தொடங்கும் நேரத்தில் அதன் கிளட்ச் நழுவத் தொடங்கியது. எஞ்சின் உறுமும், சக்கரமோ சேற்றில் அசையாது நிற்கும். பட்டறையில் வண்டியைப் பிரித்து, கிளட்ச் தகட்டை மாற்றினார்கள். ஒரு மாதத்திற்குள் மீண்டும் அதே நழுவல். இரண்டாம் முறையும் தகடு மாற்றப்பட்டது. அப்பொழுது, "ஆயில் சீல் முதலியவற்றைத் தொட வேண்டாம், செலவு கூடும், தகட்டை மட்டும் மாற்றுங்கள்" என்று புத்தி சொன்னவன் நானே. மூன்றாம் முறை வண்டி நின்றபோது தங்கையின் வளையல் அடகுக்குப் போயிற்று.

அந்நிலையில் பொள்ளாச்சிப் பக்கத்து வயோதிக மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. கைவிளக்குடன் வண்டியின் அடியில் படுத்து, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள மணி போன்ற கூட்டின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். சேறும் கிரீஸும் இறுகி அடைத்திருந்த ஒரு துவாரத்தைக் கம்பியால் குத்தினார். அரைத் தம்ளர் கறுத்த எண்ணெய் கொட்டிற்று. "தம்பி, தகட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள், குற்றம் சீலில் இருக்கிறது" என்றார்.

அத்துவாரத்தின் கதை யாதெனில், நம் வயல்களில் ஓடும் பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் கிளட்ச் உலர்ந்த நிலையிலேயே வேலை செய்வது. அதற்கு எண்ணெயே சத்துரு. முன்புறம் எஞ்சினின் கிராங்க் தண்டு முடியுமிடத்தில் ஒரு சீல். பின்புறம் கியர்பாக்ஸின் தண்டு நுழையுமிடத்தில் மற்றொரு சீல். இவற்றில் எது தேய்ந்தாலும் எண்ணெய் கிளட்ச் கூட்டிற்குள் வரும். வந்தது தேங்காமல் வழிந்து போகவே அடியில் துவாரம் வைத்திருக்கிறார்கள். பழைய பெர்குசன் வண்டிகளிலும் அவற்றின் வழிவந்த மாஸி பெர்குசன் 35 வகையிலும் அத்துவாரத்தில் ஒரு ஸ்பிளிட் பின் தளர்வாகத் தொங்கும். எஞ்சின் அதிரும்போது அதுவும் ஆடி, துவாரம் அடைபடாமல் காக்கும். ஏதோ கழன்று தொங்குகிறது என்று எண்ணி அதைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு.

சேற்றுழவுக்குப் போகுமுன் இத்துவாரத்தைத் திருகாணியால் மூடும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. இல்லையேல் சேற்று நீர் உட்புகும். ஆனால் உழவு முடிந்ததும் ஆணியைக் கழற்றிவிட வேண்டும். நம்மவர் மறப்பது இதைத்தான். மூடியபடியே இருந்தால் உள்ளே கசியும் எண்ணெய் தகட்டை நனைக்கும் வரை வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

நிற்க. துவாரத்தில் சொட்டு விழுவது கண்டால் அது எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். கறுத்து மெலிந்திருந்தால் எஞ்சின் எண்ணெய். தடித்து மஞ்சள் நிறமாய் இருந்தால் பெரும்பாலும் கியர் எண்ணெய். புதிதாக மாற்றிய எஞ்சின் எண்ணெயும் மஞ்சளாகவே இருக்குமாகையால், இருபுறத்து அளவுக் கோல்களையும் சில நாள் பார்த்து, எது குறைகிறது என்று குறித்துக்கொள்வது உத்தமம். சில சமயம் சீல்கள் இரண்டும் நல்லனவாகவே இருக்கும். எஞ்சினின் மேல்மூடியிலிருந்தோ எண்ணெய்க் குழாயிலிருந்தோ வழிந்தது பின்புறமாக இறங்கி, கூட்டின் அடியில் வந்து சொட்டும். இதை அறிய, அவ்விடமெல்லாம் டீசலால் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, சற்று நேரம் எஞ்சினை ஓட்டினால் ஈரம் முதலில் தோன்றுமிடம் தெரிந்துவிடும்.

எஞ்சின் மூச்சுவிடும் குழாயையும் மறக்கலாகாது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். ஒரு குச்சியாலும் கொஞ்சம் டீசலாலும் தீரக்கூடிய காரியத்திற்காக வண்டியையே இரண்டாகப் பிரித்தவர்களை அறிவேன். கியர்பாக்ஸில் அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றுவதும் இத்தகையதே.

நழுவும் கிளட்சுகள் எல்லாம் எண்ணெயால் நழுவுவன அல்ல. மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் சிறிது தூரம் வெறுமையாக இறங்கி, பிறகே கனக்க வேண்டும். அந்த அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். கைப்புத்தகம் சொல்வதே கணக்கு. தகடு தேயத் தேய அது குறைந்து, இறுதியில் மிதியின் பாரம் எப்போதும் பேரிங்கின் மேலேயே இருக்கும், கிளட்ச் நழுவும். ஸ்பானர் கொண்டு சரிசெய்யலாம், காசு செலவில்லை. அளவு மிகுந்தாலோ கிளட்ச் முழுதும் விடுபடாது, கியர் மாற்றும்போது பற்கள் கறகறக்கும்.

நழுவலைச் சோதிக்க ஒரு வழி: எதிரில் ஆளோ சுவரோ கிணறோ இல்லாத சமதரையில், பிரேக்கை இறுகப் பூட்டி, உயர்ந்த கியரில் போட்டு, மிதியை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடிப்பு நன்று. அணையாமல் ஓடினால் நழுவல் நிச்சயம். ஒரு முறைக்கு மேல் வேண்டாம், தகடு கருகும்.

வட்டவடை நேயருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலைச்சரிவில் பாரத்துடன் இறங்கும்போது கிளட்சை மிதித்து வண்டியைச் சும்மா உருளவிடுவது உயிருக்கே ஆபத்து. ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பதும், மிதியின் மேலேயே காலை ஊன்றி ஓட்டுவதும் தகட்டைத் தின்றுவிடும். இடவப்பாதி மழையில் வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால், மிதியை அழுத்தி மரக்கட்டை ஒன்றால் முட்டுக் கொடுத்து வையுங்கள். இல்லையேல் ஈரத்தில் தகடு பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

பிரிப்பது தவிர்க்க முடியாததானால், முன் அச்சின் இருபுறமும் மர ஆப்பு அடிக்காமல் தொடவிடாதீர்கள். அச்சு நடுவில் ஊசலாடுவது, எஞ்சின் பாகம் கவிழ்ந்துவிடும். பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாகும், தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் ஊறிய தகட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண். இரு சீல்களையும் பேரிங்கையும் அப்பொழுதே மாற்றிவிடுங்கள். அவற்றின் விலையைவிடப் பிரிக்கும் கூலியே பெரிது. எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் தயாரிப்பு 2016ல் மூடப்பட்டது. அத்தகைய வண்டிக்குச் சீல் கிடைக்காவிட்டால், பழைய சீலைக் கொண்டுபோய் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் ஒத்ததைப் பேரிங் கடையில் கேட்கலாம்.

மைத்துனரின் வண்டியில் முன் சீலே போயிருந்தது. மாற்றியபின் இரண்டாம் போக உழவு முழுவதும் நழுவாமல் ஓடிற்று. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. நெல்லுப் பணம் வந்ததும் மீட்பதாகச் சொல்லியிருக்கிறார். வட்டியில் பாதி என் பொறுப்பு.