இறால் பண்ணைக்குக் காவல். இயற்கை மீன்வளத்திற்கு யார் காவல்?

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பெயரளவில் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம். நடைமுறையில் அது இறால் மூலதனத்தை ஒழுங்குமுறையிலிருந்து காப்பாற்றும் கவசம். சட்டம் பிறந்த வரலாறே இதற்குச் சான்று.

தாராளமயத்தின் முதல் ஆண்டுகளில் ஆந்திரம், தமிழகம், ஒடிசா கடற்கரைகளில் இறால் பண்ணைகள் கட்டுப்பாடின்றிப் பெருகின. விளைநிலங்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்புநீர் ஊடுருவியது. மீனவர்கள் கடற்கரைக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் பாரம்பரிய முறை சாராத இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது. வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறாண்டு ஊதியம் இழப்பீடாக வழங்கப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. இத்தொழிலின் வருவாயைவிட அது விளைவிக்கும் சேதமே அதிகம் என்ற ஆய்வு முடிவையும் நீதிமன்றம் ஏற்றது.

ஆட்சியாளர்கள் என்ன செய்தனர்? தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு மாறாக, அதன் அடித்தளத்தையே அகற்றினர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, கடலோர மண்டல அறிவிக்கையின் தடைகள் இத்தொழிலுக்குப் பொருந்தா என்று 1991 பிப்ரவரி 19 முதல் முன்தேதியிட்டு அறிவித்தது. சட்டவிரோதமாக இருந்தது ஒரே வரியில் சட்டபூர்வமாயிற்று. அச்சட்டம் அமைத்த ஆணையத்தில் வணிகத் துறைக்கு இடமுண்டு, வேளாண் துறைக்கு இடமுண்டு. மீனவர்களின் பிரதிநிதி ஒருவருக்கும் இடமில்லை.

எஞ்சியிருந்த பல்லையும் மோடி அரசு பிடுங்கியது. மணிப்பூர் பிரச்சனையில் நாடாளுமன்றம் கொந்தளித்துக் கொண்டிருந்த 2023 ஆகஸ்டில் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பதிவின்றி நடத்தப்படும் பண்ணைகளுக்கு விதிக்கத்தக்க மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. வளர்ச்சித் தடை மண்டலத்திற்குள் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் தாய் இறால் பெருக்க மையங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. சிறு விவசாயியைச் சிறையிலிருந்து காப்பதற்காகவே இத்திருத்தம் என்கின்றனர். அதுவே நோக்கமெனில் சிறு விவசாயிக்கு மட்டும் விலக்களித்திருக்கலாம். அபராதத்தை உற்பத்திச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்ளக்கூடிய பெருநிறுவனத்திற்கும் அதே சலுகை எதற்கு?

இயற்கை மீன்வளத்திற்கு நேரும் கேட்டைச் சிலிகா ஏரியில் காணலாம். 1981இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலை அது. கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழையும் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளுமே அதன் செல்வம். 2000ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டதும் மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. வழி திறந்தால் மீன் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் மண்கரையும் மூங்கிலும் வலையும் கொண்டு ஏரியை வளைத்து அடைக்கும் ‘கேரி’ எனும் இறால் வளைப்புகள் அவ்வழியை மறிக்கின்றன. அவற்றை எதிர்த்துப் போராடிய மீனவர்கள் மீது 1999 மே 29 அன்று சோரானா கிராமத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி நால்வரைக் கொன்றது. வளைப்புகளை அகற்றக் கோரியோருக்குக் குண்டு. வளைத்தவர்களுக்கோ அகற்றல் நாடகத்திற்குப் பின் மீண்டும் அதே நீர்ப்பரப்பு!

கேடு ஏரியோடு நிற்பதில்லை. உண்ணப்படாத தீவனமும் கழிவும் மருந்துகளும் கலந்த குளத்து நீர் கழிமுகங்களுக்கே செல்கிறது. இறால் தீவனத்திற்கான மீன்தூள் ஆலைகள், ஏழைகளின் புரதமான மத்தி போன்ற சிறுமீன்களை விழுங்குகின்றன. நார்வேயின் சால்மன் கூண்டுகளுக்கு மேற்கு ஆப்பிரிக்க மீனவர்களின் மீன் தீவனமாவதும் இதே தர்க்கத்தின்படிதான்: எளியோர் உண்ணும் மீனை அரைத்து, வசதி படைத்தோர் உண்ணும் மீனை வளர்ப்பது.

அந்நியச் செலாவணி என்பதே ஆட்சியாளர்களின் இறுதி வாதம். 2023-24இல் 60,523 கோடி ரூபாய்க்கு நடந்த கடல் உணவு ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உறைந்த இறால் என்பது உண்மையே. ஆனால் அக்கணக்கில் உவர்ந்த கிணற்றுக்கும் வெறும் வலைக்கும் பத்தியில்லை. லாபம் தனியாருக்கு, சேதம் சமூகத்திற்கு. தீவனம், குஞ்சு, கடன், கொள்முதல் விலை ஆகிய அனைத்திலும் பெருநிறுவனங்களின் பிடியில் உள்ள சிறு இறால் விவசாயியும் இவ்வமைப்பால் நசுக்கப்படுபவரே. மீனவரையும் அவரையும் மோதவிடுவது ஆளும் வர்க்கத்தின் உத்தி. இருவரையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டுவது இயக்கத்தின் கடமை.

27ஆவது பிரிவு நீக்கப்பட வேண்டும். 2023 திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். ஆணையத்தில் மீனவர் அமைப்புகளுக்கும் கிராம சபைகளுக்கும் வாக்குரிமையுடன் இடம் வேண்டும். சிலிகாவின் வளைப்புகள் நிரந்தரமாக அகற்றப்பட்டு, நீர்ப்பரப்பு தொடக்கநிலை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சிறு விவசாயிகள் மாற்றுத் தொழிலுக்குச் செல்ல அரசே நிதி வழங்க வேண்டும். கடலும் கழிமுகமும் உழைப்போரின் பொதுச் சொத்து. அதை மீட்கும் போராட்டத்தைக் கடலோர மாவட்டங்கள்தோறும் கட்டியெழுப்புவோம்!