சுமைகூலி முக்கால் பணம்

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. ஒரு கத்தை ரசீதுகளின் பிரதிகளையும் அதனுடன் இணைத்திருந்தார். கடிதத்தை முழுவதும் வெளியிட இப்பகுதியில் இடமில்லையாதலால் அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அன்பர் முப்பது ஆண்டுகளாக இந்நகரில் உத்தியோகம் பார்ப்பவர். டாலிகஞ்சிலிருந்து டல்ஹௌசி வட்டாரத்துக்குப் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நின்றுகொண்டே சென்று காலம் கழித்தவர். ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. அதன்பின் குடும்பத்தோடு மாயவரத்துக்கே திரும்பிவிட எண்ணம். இந்நிலையில், ஜெர்மானியத் தயாரிப்பான பெரிய சொகுசுக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வண்டிக்கு வயது 11. புதிதாக வாங்கியபோது விலை 70 லட்சம் ரூபாய். இப்போது கேட்கும் விலை 13 லட்சம். கடந்த மூன்று ஆண்டுகளில் மட்டும் பழுதுபார்ப்பதற்கு 8 லட்சம் செலவாகியிருப்பதாக விற்பவர் ரசீதுகளைக் காட்டுகிறார். “செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி ஓட்டுவதுதான் பாக்கி” என்பது அவர் வாதம். இந்த 8 லட்சத்தை வண்டிக்குச் சாதகமாகக் கொள்வதா, பாதகமாகக் கொள்வதா என்பதே அன்பரின் கேள்வி. கடிதத்தின் அடியில் அவருடைய துணைவியார் தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “இது ஊர் வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருக்கும் பணம்.”

கேள்வி நியாயமானது. ஆசையும் நியாயமானதே. வாழ்நாளெல்லாம் பிறர் முழங்கை இடிக்கப் பயணம் செய்தவர், சில ஆண்டுகளாவது ராஜாவைப் போல் உட்கார்ந்து போக விரும்பினால் அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் ஆசையை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டுக் கணக்கை மறு பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. 70 லட்ச ரூபாய் வண்டி 13 லட்சத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் கியர்பாக்ஸும் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குமென்று நினைப்பது பேதைமை. வண்டியை வாங்குபவர் 13 லட்ச ரூபாய்க் காரை வாங்குகிறார். பராமரிப்பதோ 70 லட்ச ரூபாய்க் காரை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான். யானையைக் கட்டித் தீனி போடுவது என்றும் சொல்வதுண்டு. யானை இலவசமாகக் கிடைத்தாலும் தீனி இலவசமில்லை.

இந்நகர மக்களாகிய நமக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள உத்தரபாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014 மே மாதம் வரை அம்பாஸடர் கார் தயாராகி வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டிப் பிறந்த அந்தக் காரைத் தெருமுனை மிஸ்திரியே மரத்தடியில் பிரித்து மாட்டிவிடுவார். வேண்டிய சாமான் மல்லிக் பஜாரில் பழையதாகவோ புதியதாகவோ அன்றைக்கே கிடைக்கும். பழைய கார் என்றால் மலிவான கார் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் நம் மனத்தில் ஊறிவிட்டது. அன்பர் பார்த்திருக்கும் வண்டி அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. அதில் ஒரு விளக்கை மாற்றினால்கூட அதற்குரிய கம்ப்யூட்டரை இணைத்துச் சம்மதம் பெற வேண்டியிருக்கலாம்.

நிற்க. ரசீதுகளுக்கு வருவோம். பழைய செலவு தன்னளவில் சாதகமும் அன்று, பாதகமும் அன்று என்பது என் அபிப்பிராயம். அந்த 8 லட்சம் போன பணம். அது விற்பவருடைய துக்கம். வாங்குபவர் அறிய வேண்டியது, இனி எவ்வளவு போகும் என்பது. அதைச் சொல்லும் சாட்சிகளாக மட்டுமே ரசீதுகளைப் படிக்க வேண்டும். அன்பர் அனுப்பியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் குறித்திருந்த கிலோமீட்டர் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். (இப்படி எழுதும்போதே, கணக்கு எங்கேனும் பின்னோக்கிப் போயிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இந்த வண்டியில் அவ்விதமான மோசடி எதுவும் தென்படவில்லை.)

8 லட்சத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் கியர்பாக்ஸுக்கு. இது ஒரே தடவை, முழுமையாகச் செய்யப்பட்ட வேலை. புதுப் பாகங்களின் எண்களும் உத்தரவாதமும் ரசீதில் உள்ளன. இதைச் சாதகமாகவே கொள்ளலாம். அடுத்து 1 லட்சத்து 90 ஆயிரம் ஸஸ்பென்ஷனுக்கு. இவ்வண்டியைத் தாங்குவது இரும்புச் சுருள் அன்று, காற்றடைத்த ரப்பர்ப் பைகள். வயதாக ஆக ரப்பர் வெடித்துக் காற்றுக் கசியும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடுவதால் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் கெடும். முன்பக்கத்துப் பைகள் இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கத்துப் பைகளைப் பற்றி எந்த ரசீதிலும் பேச்சில்லை. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை. ஆகவே இந்த ரசீது “முடிந்துவிட்டது” என்று சொல்லவில்லை. பாதி வேலை பாக்கி என்றுதான் சொல்கிறது.

மிச்சமுள்ள 2 லட்சத்து 90 ஆயிரம் சில்லறைச் செலவுகள். இவற்றைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். டயர், பிரேக், பாட்டரி ஆகியவை தேய்ந்து தீருபவை. யார் ஓட்டினாலும் திரும்ப வரும். அவற்றில் குற்றமில்லை. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒழுகுவதற்கு மட்டும் 16 மாதங்களில் மூன்று ரசீதுகள் உள்ளன. முதலில் ஒரு குழாய், பிறகு அதன் மூடி, அப்புறம் தண்ணீர்ப் பம்ப். ஒரே நோய்க்கு மூன்று வைத்தியர்கள் மூன்று மருந்து கொடுத்திருந்தால், நோயின் மூலம் பிடிபடவில்லை என்றே பொருள். எஞ்சின் ஒருமுறை அளவுக்கு மீறிக் கொதித்திருந்தால் அதன் தலைப்பாகம் வளைந்திருக்கக் கூடும். அதைச் சரிசெய்யும் செலவின் முன் கியர்பாக்ஸ் ரசீது சிறு குழந்தையாகிவிடும். மற்றொன்றும் கவனித்தேன். மூன்று ஆண்டுகளில் வண்டி ஓடியது 14,000 கிலோமீட்டர். 8 லட்சத்தை அதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 57 ரூபாய். பெட்ரோல் இதில் சேரவில்லை.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே நம்பிச் சொல்லக்கூடும். பணம் போட்டவனுக்குப் பொருளின் மேல் பற்று வளர்வது மனித சுபாவம். வங்காள எழுத்தாளர் சுபோத் கோஷ் எழுதிய ‘அஜாந்த்ரிக்’ என்ற கதையை ரித்விக் கட்டக் படமாக எடுத்து, அது 1958-இல் வெளிவந்தது. பிமல் என்னும் வாடகைக் கார் ஓட்டி, ஜகத்தல் என்று பெயரிட்ட தன் ஓட்டைச் செவ்ரோலே வண்டியை உயிருள்ள தோழனாகவே நடத்துகிறான். ஊரார் சிரிப்பது அவனுக்குப் பொருட்டில்லை. கடைசியில் கையிலுள்ளதையெல்லாம் போட்டுப் பழுது பார்க்கிறான்; அதன் பின்னரும் வண்டி நின்றுவிடுகிறது; பழைய இரும்புக்காரன் கைக்குப் போய்ச் சேருகிறது. நம் அன்பர்களில் இப்படத்தைப் பார்க்காதவர்கள் கார் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பார்க்கலாம்.

இந்நகருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அது ரசீதுகளில் வராது. மழைநீரைச் சொல்கிறேன். 2020 மே 20-ஆம் தேதி உம்பன் புயல் வந்ததும், 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி விடியுமுன் கொட்டிய பெருமழையில் நகரத்தின் பெரும்பகுதி நீரில் நின்றதும் யாவரும் அறிந்தவை. தன்தனியா போன்ற தாழ்ந்த பகுதிகளில் சாதாரண மழைக்கே இடுப்பளவு நீர் தேங்கும். அப்படி நின்ற வண்டிகள் பின்னர் துடைத்து மெருகிட்டு விற்பனைக்கு வருவதுண்டு. எஞ்சினைக் கழுவிவிடலாம், தரைவிரிப்பின் அடியில் ஓடும் மின்கம்பிகளையும் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளையும் கழுவ முடியாது. அவை பல மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பூத்துச் செயலிழக்கும். இருக்கைப் பட்டையை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, அதன் அடிநுனியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் துருவும், விரிப்பின் கீழ் பூஞ்சை வாடையும் உள்ளனவா என்று பாருங்கள். எத்தனை முறை இன்ஷூரன்ஸ் பணம் கோரப்பட்டது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சட்டம். வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் தகுதிப் பரிசோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயாகவும், இறக்குமதி செய்த காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஜெர்மானியப் பெயர் இருப்பதால் மட்டும் கார் இறக்குமதியாகிவிடாது. மெர்ஸிடிஸ் வண்டிகள் புனேயை அடுத்தும், பி.எம்.டபிள்யூ வண்டிகள் 2007 முதல் நம் சென்னைக்கு அருகிலும் பூட்டப்படுகின்றன. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தே இதை அறிய வேண்டும்.

நம் அன்பரின் வண்டிக்கு 15 வயது நிரம்பும் ஆண்டும் அவர் ஓய்வு பெறும் ஆண்டும் ஒன்றாக அமைகின்றன. அப்போது அதை மாயவரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவம் கொடுத்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அந்த மாநிலத்துக்குரிய வரியும் கட்ட வேண்டும். மாயவரத்தில் இந்த வண்டியைத் தொடக்கூடிய பட்டறையைத் தேடிச் சென்னைக்கோ திருச்சிக்கோ போக நேரும். இங்கேயே விற்றுவிடலாமென்றால், 15 வயதான சொகுசுக் காரை வாங்க வருபவர் எத்தனை பேர்? இன்று அன்பர் தயங்குவதைவிட அன்று அவர்கள் அதிகமாகத் தயங்குவார்கள்.

“பழையதானால் என்ன, நாளடைவில் அபூர்வப் பொருளாகி மதிப்பு ஏறாதா?” என்றும் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி ஒரு வண்டி ‘விண்டேஜ்’ எனப்பட 50 வயது நிரம்ப வேண்டும். உடலிலும் எஞ்சினிலும் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்தக் காருக்கு இன்னும் 39 ஆண்டுகள் உள்ளன. எல்ஜின் ரோடு இல்லத்திலிருந்து 1941 ஜனவரியில் நேதாஜி தப்பிச் சென்ற வாண்டரர் காரைப் புதுப்பித்து, 2017 ஜனவரி 18-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். அது சரித்திரம், அதற்குச் செலவழிக்கலாம். நம் அன்பர் விரும்புவது காய்கறி வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போய்வர.

இத்தகைய காரை யாருமே வாங்கக் கூடாதென்று சொல்ல மாட்டேன். வீட்டில் அன்றாட உபயோகத்துக்கு வேறொரு வண்டி இருந்து, அந்தக் குறிப்பிட்ட மாடலில் தேர்ந்த மிஸ்திரி ஒருவரின் பழக்கமும் இருந்து, வாங்கும் விலையில் பாதியைத் தனியே ஒதுக்கி அதை மறந்துவிடவும் முடிந்தால், அவர் தாராளமாக வாங்கி மகிழலாம். நம் அன்பருக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. 13 லட்சமும் மாடிப் பணம். பின்பக்கத்துக் காற்றுப் பைகளுக்கும் அந்தக் கூலண்ட் ஒழுக்குக்கும் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்று கடிதத்தில் குறிப்பில்லை. ஆகவே இந்த வண்டி வேண்டாம் என்பதே என் யோசனை.

இவ்வளவும் படித்த பிறகும் மனம் அடங்கவில்லையென்றால், முன்பணம் கொடுக்குமுன் ஒன்று செய்யட்டும். விற்பவரின் பட்டறையல்லாத வேறொரு பட்டறையில், தம் செலவில், வண்டியை ஒரு முழுநாள் விட்டுச் சோதிக்கச் செய்யட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒரு முறையும், இரவு முழுதும் குளிர்ந்தபின் ஒரு முறையும் கூலண்டின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லட்டும். இரவு நிறுத்தியபோது பின்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, காலையில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்கட்டும். இச்சோதனைக்கு விற்பவர் இணங்க மறுத்தால், அந்த மறுப்பையும் ரசீதுக் கத்தையில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வரும் இதழில், ஊரிலுள்ள வீட்டுக்கு மாடி எடுப்பதை இங்கிருந்தபடியே மேற்பார்ப்பது எப்படி என்று வந்துள்ள இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம்.