அருகில் உள்ள மருத்துவமனையே முதலில்

மாரடைப்புடன் வருவோரின் உறவினர்களிடம் நான் முதலில் கேட்பது, வலி எப்போது தொடங்கியது என்பதே. "இரவு பத்து மணிக்கு, வாயு என்று நினைத்துச் சோடா கொடுத்தோம்" என்பார்கள். இதற்காக நான் எவரையும் கடிந்துகொள்வதில்லை. மேல்வயிற்று எரிச்சலாகவும் மாரடைப்பு வருவதுண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் போகலாம். இசிஜி எடுக்காமல் எங்களாலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

என் வருத்தம் வேறு. இசிஜி வசதியுள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனையைக் கடந்து, "பெரிய இடத்துக்கே போய்விடுவோம்" என்று இரண்டு மணி நேரம் காரில் வருகிறார்கள். இரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் இதயத்தசை மடிந்துகொண்டிருக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டி சிறந்த சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால், முழு அடைப்பு என்று இசிஜி காட்டியதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய வழியில்லை எனில், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு ஆம்புலன்சில் அனுப்புவதே முறை. (அண்மையில் பக்கவாதமோ பெரிய அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.) ஊசி போட்ட சிறிய மருத்துவமனை நேரத்தை வீணாக்கிவிட்டதாக எங்களிடம் குறைகூறுவோர் உண்டு. பலமுறை அந்த ஊசியே உயிரைக் காத்திருக்கிறது.

தமிழகத்தில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகத் தருகிறார்கள். நெஞ்சு இறுக்கம் சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். நோயாளியை இருசக்கர வாகனத்தில் ஏற்றாதீர்கள். அங்கு எடுத்த இசிஜியையும், கொடுத்த மருந்துகளை நேரத்துடன் குறித்த சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். அவசரத்தில் பலரும் மறந்து வருவது அந்தச் சீட்டைத்தான்.